வாசலுக்கு வந்த வேன்

பெங்களூரு
16.6.2025

தனம் அக்காவுக்கு,

சிந்துஜா எழுதுகிறேன். கிரிவலப் பாதை முகாமில் உங்கள் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்த சிந்து. உங்கள் பழைய எண்ணுக்கு முப்பது தடவையாவது அடித்திருப்பேன். கடைசியில் யாரோ ஒருவர் எடுத்து, "அவ இங்க இல்ல, இனிமே இந்த நம்பருக்குப் பண்ணாத" என்று வைத்துவிட்டார். நீங்கள் இப்போது வேலை செய்யும் விடுதியின் முகவரியை முகாமுக்கு ஆட்களைக் கூட்டி வருகிற தமிழ்செல்வி அக்காதான் கொடுத்தார். உங்களைக் கேட்காமல் கொடுத்ததற்காக அவரைத் திட்டாதீர்கள். நான் கெஞ்சினேன்.

மார்ச்சில் என்னைப் பெங்களூருக்கு மாற்றிவிட்டார்கள். கருவியைச் செய்கிற இடத்திலேயே இப்போது இருக்கிறேன். நீங்கள் "டிபன் கேரியர்" என்று கேலி செய்வீர்களே, அதே கருவி. விரலில் ஒரு சொட்டு, இருபது நிமிடம், கவுண்ட் வந்துவிடும். ரத்தத்தைக் குழாயில் அடைத்து வெளியூருக்கு அனுப்பி, எதிர்ப்புச் சக்தி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இரண்டு வாரம் காத்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

பௌர்ணமி முகாமை நிறுத்திவிட்டு, கருவியை வேனில் வைத்து ஊர் ஊராக அனுப்பத் தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. உங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பதினொரு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தோம். ஒருவர்கூட வரவில்லை. பதிவேட்டில் உங்கள் எண்ணுக்கு நேராகக் காலி. உங்கள் பெண் கவிநிலாவின் எண்ணுக்கு நேராகவும் காலி. எட்டு வயதுக் குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது ரத்தம் பார்க்க வேண்டும், அக்கா. உங்களுக்கே தெரியும்.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி நடந்ததற்காக என்மேல் கோபமாக இருக்கிறீர்களாம். நான் உங்களைக் கூப்பிடவில்லை. பார்த்தேன், சிரித்தேன், அவ்வளவுதான். தெரிந்தவரைப் பார்த்தால் முகம் தானாகச் சிரித்துவிடுகிறது. உங்கள் நல்லதுக்காகத்தான் அந்த வேனே வந்தது.

இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் எண்ணையும் அனுப்புங்கள்.

சிந்து


திருவண்ணாமலை
25.6.2025

மதிப்பிற்குரிய சிந்துஜா மேடம் அவர்களுக்கு,

என் புது எண்ணைத் தரமாட்டேன். எழுத வேண்டுமானால் காகிதத்தில் எழுதுங்கள். படித்துவிட்டுக் கிழித்துப் போடலாம். இந்த முகவரி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று படித்தபோது சிரிப்புதான் வந்தது. உங்களுக்கு என் விஷயம் எதுவும் என்னிடமிருந்து கிடைப்பதில்லை.

நீங்கள் கூப்பிடவில்லையா? அன்றைக்கு நான் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தேன். எனக்கு இரண்டு ஆள் தள்ளி என் மாமியார் ஆதிலட்சுமி. வேன் ரேஷன் கடைக்கு எதிரே வந்து நின்றது. பக்கவாட்டில் ஓர் ஆள் உயரத்துக்குச் சிவப்பு ரிப்பன் படம். மைக்கில் ஓர் ஆண்குரல், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வீட்டு வாசலிலேயே ரத்தப் பரிசோதனை என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நீங்கள் இறங்கினீர்கள். என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "தனம் அக்கா, சாப்டீங்களா?" என்றீர்கள்.

மாமியார் கேட்டது ஒரே கேள்வி. "அந்தப் பொண்ணுக்கு உன்ன எப்பிடித் தெரியும்?"

பௌர்ணமிக்கு ஒரு பொய் வைத்திருந்தேன். மாத்திரைக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று. என் புருஷன் செத்ததற்கு மஞ்சள் காமாலை என்று அவரே விட்டுப்போன பொய் இருந்தது. உங்கள் சிரிப்புக்கு மட்டும் எதுவும் தயாராக இல்லை. முழித்தேன். குழாயடியில் இருந்த ஒன்பது பேரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

அன்று சாயந்திரமே, "எம் புள்ளையத் தின்னுட்டியேடி" என்று என்னை வெளியே தள்ளினார்கள். இதை எனக்குக் கொடுத்ததே அந்தப் பிள்ளைதான் என்று சொன்னேன். மாமனார் முருகையன் செருப்பைக் கழற்றினார்.

இப்போது செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்னால், ஒரு விடுதியில் போர்வை துவைக்கிறேன். மன அமைதி தேடி எங்கிருந்தோ வந்து தங்குகிறவர்களின் போர்வை. மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். என் மாத்திரையை நான் ஒரு நாளும் விடவில்லை. என்னைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

கவிநிலா அவர்களிடம் இருக்கிறாள். என்னைத் தள்ளியவர்கள் அவளை இழுத்து வைத்துக்கொண்டார்கள். "புள்ள சுத்தமா இருக்கு, இவகிட்ட வுட்டா கெட்டுடும்." மேடம், அவள் தினமும் முழுங்கிக்கொண்டிருந்தது சத்து மாத்திரை என்றுதான் அவர்களுக்குத் தெரியும். அவளுக்கும் அப்படித்தான் தெரியும். பிப்ரவரி பதினெட்டோடு அதுவும் நின்றுவிட்டது. மாதாமாதம் அவள் பங்கை மருந்து மையத்தில் நான் வாங்கி வைக்கிறேன். நான்கு டப்பா என் தலைமாட்டில் பிரிக்காமல் இருக்கிறது.

உங்களை ஒன்று கேட்கிறேன். வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள். குழந்தைக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், அவளை யாரும் தள்ளி வைக்கக் கூடாது என்று புரிகிற மாதிரி சொல்லுங்கள். நான் சொன்னால் சாபம் விடுகிறேன் என்பார்கள். உங்கள் பேச்சை ஒருவேளை கேட்பார்கள்.

தனம்


பெங்களூரு
3.7.2025

அக்கா,

மேடம் என்று எழுதாதீர்கள்.

நிறுவனத்தின் வக்கீலிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். ஒருவருக்கு இந்தத் தொற்று இருப்பதை மூன்றாம் நபரிடம் நாங்கள் சொல்லக் கூடாதாம். அதற்குச் சட்டமே இருக்கிறது. வீட்டுக்குப் போய்ச் சொன்னால் என் வேலை மட்டுமல்ல, நிறுவனத்தின் உரிமமும் போகும் என்றார். குழந்தைகள் நலக் குழுவுக்கு மனு எழுதலாம். நான் தட்டச்சு செய்து அனுப்புகிறேன், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் அவர்களும் விசாரிக்க வீட்டுக்குத்தான் போவார்கள். எதற்காக விசாரிக்கிறார்கள் என்று ஊர் கேட்கும்.

நான்கு மாதம் மாத்திரை இல்லாமல் இருந்தால் கவுண்ட் இறங்கும். வாயில் வெள்ளையாகப் புண் வரலாம். சளி, இருமல் விடாமல் இருந்தால் காசநோய் பார்க்க வேண்டும். உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை.

என்னால் முடிந்தது ஒன்றுதான். கருவி மூன்று கிலோ. லீவு போட்டுவிட்டு அதைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் சத்துக் குறைவுப் பரிசோதனை என்று சொல்லி, பத்துப் பிள்ளைகளோடு சேர்த்து அவள் விரலிலும் ஒரு சொட்டு எடுத்துவிடலாம். கவுண்ட் எவ்வளவு என்றாவது தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறு யார் மூலமாவது உங்களுக்குத் தெரிவதைவிட நானே எழுதிவிடுகிறேன். போன நவம்பரில் சென்னையில் ஒரு கூட்டம் நடந்தது. பணம் கொடுக்கிற அறக்கட்டளைக்காரர்கள் வந்திருந்தார்கள். கிராமத்துக்கு ஏன் வேன் வேண்டும் என்று கேட்டார்கள். நான் எழுந்து உங்கள் கதையைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. ஒரு பெண் விடியற்காலையில் கிளம்பி, கீழ்பென்னாத்தூரில் பஸ் மாறி, குழந்தையையும் இழுத்துக்கொண்டு, கிரிவலம் போவதாக வீட்டில் பொய் சொல்லி, ஒரு சொட்டு ரத்தம் கொடுக்க முப்பது கிலோமீட்டர் வருகிறாள் என்றேன். வந்தவர்களில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எந்த ஊர் என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். வேன் முதலில் அங்கே போகட்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

சிந்து


திருவண்ணாமலை
14.7.2025

சிந்துஜா,

இனிமேல் 'நீ' என்றே எழுதுகிறேன். உனக்கு மரியாதை கொடுத்து எழுத முடியவில்லை.

முப்பது கிலோமீட்டர். அதுதான் உனக்குக் கஷ்டமாகத் தெரிந்திருக்கிறது. அந்த முப்பது கிலோமீட்டர்தான் என்னை ஐந்து வருடம் காப்பாற்றியது. பௌர்ணமிக்கு லட்சம் பேர் வருகிற ஊரில், நான் எங்கே நுழைந்தேன், எங்கே விரலை நீட்டினேன் என்று எவன் பார்த்தான்? எங்கள் பக்கத்திலிருந்து வந்த மற்ற பத்துப் பேரும் அப்படித்தான் வந்தார்கள். நெற்றியில் விபூதி, கையில் செருப்பு. முகாமில் ஒருவரை ஒருவர் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வோம். அது எங்களுக்குள் இருந்த மரியாதை. ஊரில் எதிரே பார்த்தாலும் சிரிக்க மாட்டோம். எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பி.எஸ்சி. படித்த உனக்கு அது தெரியவில்லை.

அந்த ஒரு நாள் எனக்கு என்னவாக இருந்தது என்று நீ கேட்டதே இல்லை. மாதத்தில் ஒரு நாள் அந்த வீட்டில் சோறாக்க வேண்டாம். மாத்திரை வாங்கிக்கொண்டு, முறை வந்தால் ரத்தமும் கொடுத்துவிட்டு, நானும் கவிநிலாவும் நிஜமாகவே பாதி மலை சுற்றுவோம். அவளுக்குக் கரும்புச் சாறு. நடுவில் எங்கேயாவது உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டு, வருகிற போகிறவர்களைக் கிண்டல் பண்ணுவோம். நீ அதை ஏசி ரூமில் அழுகையாக மாற்றி விற்றிருக்கிறாய்.

வேன் வந்தே தீர வேண்டுமென்றால் அதில் சர்க்கரையும் பிரஷரும் சேர்த்துப் பார்க்க வேண்டியதுதானே? ஊரே வரிசையில் நிற்கும். யாருடைய சொட்டு எதற்கு என்று எவனுக்குத் தெரியும்? இதைச் சொல்ல எங்களில் ஒருத்தியைக் கூப்பிட்டீர்களா?

சட்டம் பேசுகிறாய். நான் அவளைப் பெற்றவள். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், போய்ச் சொல் என்று. அப்போதும் நீ வரமாட்டாய். அந்தத் தெருவை மறுபடி பார்க்க உனக்குத் தைரியம் இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு நீ வர வேண்டாம். போன வாரம் நானே போனேன். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "கிட்ட வராதம்மா, ஒட்டிக்குமாம், ஆயா சொல்லுது" என்றாள். குரல் கம்மியிருந்தது. உதட்டோரம் வெள்ளையாக இருந்தது. நீ எழுதியிருந்த அதே வெள்ளை. ஒரு டப்பா மாத்திரையை அவள் பையில் போட்டு, காலையில் ஒன்று சாயந்திரம் ஒன்று, யாருக்கும் காட்டாதே என்றேன். மறுநாளே அவள் ஆயா, என் மாமியார்தான், கண்டுபிடித்து, பேத்திக்கு நான் நோயை மாத்திரையில் கொடுத்தனுப்புகிறேன் என்று மாட்டுக் கொட்டகையில் கொட்டி மிதித்திருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு என்னை விடக் கூடாது என்று மாமனார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இப்போது என் கையில் இருப்பது ஒன்றுதான். அவளுக்கும் இருக்கிறது என்று நான் வாயைத் திறந்தால் அவளையும் தள்ளிவிடுவார்கள், எனக்குக் கிடைப்பாள். ஆனால் அந்த ஊரில், அந்த ஜனத்தில், அவள் பெயரோடு அது சாகும்வரை ஒட்டிக்கொள்ளும். திறக்காவிட்டால் அவள் சுத்தமான பிள்ளையாகவே சாவாள்.

உன் கருவியில் இதற்கு ஏதாவது வருமா?

தனம்


பெங்களூரு
29.7.2025

தனம் அக்கா,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

சர்க்கரையும் பிரஷரும் சேர்க்கச் சொல்லி எங்கள் மேலாளர் சுரேஷ்குமாரிடம் பேசினேன். "நல்ல யோசனைதான் சிந்து, ஆனா ஃபண்ட் இதுக்கு மட்டும்தான் வருது" என்றார். ஊருக்குள் நின்ற வேனால் ஒரு பெண்ணின் வாழ்க்கை போயிற்று என்று அறிக்கையில் எழுத வேண்டும் என்றேன். "ஒரு கேஸை வெச்சு ஒரு புராஜெக்ட்ட நிறுத்த முடியுமா?" என்று கேட்டார். பதினொரு பேரும் வராததற்குக் காரணம் "வேலைக்காக வெளியூர் சென்றவர்கள்" என்று அறிக்கையில் போயிருக்கிறது. அதை நிரப்பியவள் நான்தான். அந்தக் கட்டத்தில் எழுத வேறு எதுவும் எனக்குக் கொடுக்கப்படவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன திங்கட்கிழமை அதைத் திருத்தி, உண்மையை எழுதி, நேரே அறக்கட்டளைக்கே அனுப்பினேன். பதில் வரவில்லை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. இன்னும் பன்னிரண்டு வேன் தயாராகிறது. எல்லாவற்றிலும் அதே சிவப்பு ரிப்பன்.

நீங்கள் சொன்னது சரி, எனக்குத் தைரியம் இல்லை. அந்தத் தெருவில் இறங்க மட்டுமல்ல, உங்கள் முகத்தைப் பார்க்கவும்.

முதல் கடிதத்தில் நான் எழுதியது பொய். உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். வேன் நின்று ஒரு மணி நேரமாகியும் யாரும் கிட்டே வரவில்லை. அறக்கட்டளைக்குக் காட்டப் படமெடுக்க வந்த கேமராக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். ஊர் நம்மை எப்படி ஏற்றுக்கொள்கிறது என்று அவருக்குக் காட்ட எனக்குத் தெரிந்த முகம் ஒன்று வேண்டியிருந்தது.

இதை எழுதியதால் எனக்கு மனது லேசாகவில்லை.

கவிநிலாவுக்காக நீங்கள் எந்த முடிவு எடுத்தாலும் சொல்லுங்கள். கூட வந்து நில் என்றால் வருகிறேன். வேலை போனாலும் பரவாயில்லை.

சிந்து


திருவண்ணாமலை
19.8.2025

சிந்து,

முதலில் கவுண்ட். நீ அதைத்தான் தேடுவாய். கவிநிலாவுக்கு நூற்று எழுபத்தாறு. ஜனவரியில் எண்ணூறுக்கு மேல் இருந்தவள். நம் டிபன் கேரியர் எங்கேயோ வேறு மாவட்டத்தில் சுற்றுவதாகத் தமிழ்செல்வி சொன்னாள். அதனால் பழையபடி குழாயில் எடுத்து அனுப்பி, ஒரு வாரம் காத்திருந்தோம். மாத்திரையைத் திரும்பத் தொடங்கியாயிற்று. சளியும் எடுத்துப் பார்த்தார்கள், காசநோய் இல்லை. வாய்ப் புண்ணுக்குத் தனியாக மருந்து. டாக்டர் என்னைத் திட்டினார். "படிச்சவ மாதிரி இருக்கியேம்மா, ஆறு மாசம் இன்னா பண்ணினே?"

ஒன்பதாம் தேதி போனேன். சனிக்கிழமை. உன்னைக் கூப்பிடவில்லை. நீ வந்திருந்தால் உன் மனது ஆறியிருக்கும், அதை நான் விரும்பவில்லை. அன்றைக்குப் பௌர்ணமி. பஸ் எல்லாம் எதிர்த் திசையில், இங்கே வருகிற ஜனத்தோடு நிரம்பி வந்தது. நான் மட்டும் காலி பஸ்ஸில் ஊருக்குப் போனேன்.

வீட்டுக்குள் போகவில்லை, தெருவில் நின்றேன். மாமியார் வாசலில் உட்கார்ந்து கவிநிலாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் வைத்திருந்தாள். புதுப் பாவாடை. எண்ணெய் மினுங்க இறுக்கிப் பின்னல்.

"எதுக்குடி வந்தே?"

"எம் பொண்ணக் கூட்டிப் போக."

"பொண்ணா? இங்க உனக்கு யாரும் கெடையாது. போலீசக் கூப்டட்டுமா?"

"கூப்புடு. அவளுக்கும் இருக்குதுன்னு போலீசுகிட்டயும் சொல்றேன்."

"இன்னா இருக்குது?"

"எனக்கு இருக்கறது. உம் புள்ளைக்கு இருந்தது. அவ மூணு வயசுல இருந்து முழுங்கினது சத்து மாத்திர இல்ல. போயி எந்த ஆஸ்பத்திரியில வேணா பாரு."

சீப்பு முடியிலேயே இருந்தது. கையை மட்டும் எடுத்துவிட்டாள். ஆறு மாதம் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுத் தூங்கியவள், ஒரு தட்டில் சாப்பிட்டவள். எழுந்து போய்த் தண்ணீர்த் தொட்டியில் கையைக் கழுவினாள். முழங்கை வரை கழுவினாள். அவள் அழுதுகொண்டேதான் கழுவினாள், அதையும் சொல்கிறேன்.

மாமனார் உள்ளே போய் ஸ்கூல் பையையும் அவள் துணிமணியையும் ஒரு யூரியா சாக்கில் திணித்துக்கொண்டு வந்து நடுத்தெருவில் வைத்தார். படுத்த பாயையும் கொண்டு வந்து போட்டார். நான் எந்தக் கோர்ட்டுக்கும் போகவில்லை, எந்த மனுவும் கொடுக்கவில்லை. பத்து நிமிடம்தான் ஆனது. தெருவில் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்திருக்கும். நீ என்னைக் காட்டிக் கொடுத்தபோது யோசிக்காமல் செய்தாய். நான் என் பிள்ளையை மூன்று வாரம் யோசித்துவிட்டுக் காட்டிக் கொடுத்தேன். இனி உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

இந்தக் கதையை எந்தக் கூட்டத்திலும் சொல்லாதே. பெயர் சொல்லாமலும் சொல்லாதே. பன்னிரண்டு வேனிலும் அந்த ரிப்பனைச் சுரண்டச் சொல். முடியாதென்றால் வேலையை விட்டுவிட்டு நீயே போய்ச் சுரண்டு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் கவிநிலா, நடுவில் நான், ஓரத்தில் விபூதி பூசிய ஓர் அம்மா. கிரிவலத்துக்கு வருகிறவர். கவிநிலா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கும் உனக்கும் ஒரே வியாதியாம்மா?"

"ஆமாண்டி."

"அப்ப உன்னத் தொட்டா ஒட்டிக்காதா?"

"ஒட்டிக்காது. யாரத் தொட்டாலும் ஒட்டிக்காது."

"இன்னிமே உங்கூடத்தான் இருக்கணுமா?"

"என்கூடத்தான்."

அவளுக்கு வந்த சந்தோஷத்தை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்த அம்மா, "எந்த ஊரு பாப்பா, சாமி கும்புடப் போறியா?" என்று கன்னத்தைத் தட்டினார். "இல்ல ஆயா, எங்கம்மா வூட்டுக்குப் போறேன். எங்கம்மாவுக்கும் எனக்கும் ஒரே வியாதி, எச்.ஐ.வி., எங்க ஆயா வூட்ல சொன்னாங்க" என்றாள். பரீட்சையில் பாஸ் ஆனதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். அவள் வாயைப் பொத்தக் கையைத் தூக்கினேன். பொத்தவில்லை.

அந்த அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து, அத்தனை நெரிசலில் முன்னால் போய் நின்றுகொண்டார். நான் அவர் இடத்துக்கு நகர்ந்தேன். கவிநிலா என் மடியில் தலையை வைத்து, கிடைத்த இடத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். திருவண்ணாமலை வருகிறவரைக்கும் அந்தச் சீட்டுக்கு வேறு யாரும் வரவில்லை.

தனம்